இருபதுக்கும் பத்துக்கும் நடுவில்

அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் முகத்துக்கு முன்னால் மேடம் என்றும், முதுகுக்குப் பின்னால் ‘ஷுருஸே’ என்றும் சொல்வார்கள். ‘ஷுரு ஸே’ என்றால் ஹிந்தியில் ‘முதலிலிருந்து’. யார் எதை முதலிலிருந்து தேடினாலும் அவருக்குப் பொறுக்காது. “ஷுரு ஸே க்யோன்?”, முதலிலிருந்து ஏன், என்று கத்துவார். அந்தக் கத்தல் ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கேட்கும். பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இதற்கும் ஒரு சத்தம் போடுவார், எங்கே இருந்தாலும்.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு டிரஸ்ட் நடத்திய கண்ணாஸ்பத்திரி அது. எண்பதுகளின் பிற்பாதி. நான் அங்கே மௌசி. பம்பாய் ஆஸ்பத்திரிகளில் ஆயாவுக்கு அதுதான் பெயர். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். என்னைவிட மூத்த டாக்டர்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், மேடமும் அப்படித்தான். தரை துடைப்பது, விரிப்பு மாற்றுவது, ஆபரேஷன் ஆனவர்களுக்கு நர்ஸ் சொன்ன நேரத்தில் கண்ணில் சொட்டு மருந்து விடுவது, வீட்டுக்குப் போகும்போது பாட்டிலைக் கையில் கொடுத்து எத்தனை வேளை என்று சொல்லி அனுப்புவது, இதெல்லாம் என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் பெயர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். முகம் மட்டும் மறக்காது.

மேடம் மாட்டுங்காவிலிருந்து வருவார். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. புடவைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு. அது சாத்தாமல் ஒரு விரல் அளவு நின்றாலும், “ஏசி வெளியே போறது” என்று குரல் வரும்.

முதல் நாள் என்னை அழ வைத்தார். விரிப்பு அலமாரியைத் திறக்கச் சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து கொத்தைப் பிடுங்கியது.

“ஏன் முதல்லேர்ந்து போட்டுப் பார்க்கறே? அலமாரிச் சாவி குட்டை. நெட்டைச் சாவியெல்லாம் எதுக்குத் தொடறே? கையைக் கட்டிண்டு நான் நின்னுண்டே இருக்கணுமா?”

அவருக்கு வேண்டியது ஒரு பழந்துணி, கம்ப்யூட்டர் துடைக்க. அதற்கு அவ்வளவு பேச்சு. கழுவுமிடத்தில் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் ரவிக்கைத் துணியில் வெட்டிய கலர் கலரான கிழிசல்களைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “சாவிக்கு ஒண்ணு கட்டு.” மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

நர்ஸ் ஒருத்தி கல்யாண ஆல்பம் கொண்டுவந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பெண் அழைப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் வந்தார். “தாலி கட்டறது எந்தப் பக்கம்?” என்று கேட்டு, நடுவில் பிரித்து, ஒரு பார்வை பார்த்து, “நன்னா இருக்கு” என்று மூடிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நர்ஸ் பிறகு அவரோடு பேசவே இல்லை. நானும் நர்ஸ் பக்கம்தான். எல்லாவற்றிலுமா அவசரம்?

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், முகாம்களில் பார்த்தவர்கள், பல வருஷத்து ஜனங்கள் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். டிரஸ்டின் விருந்தாளி யாராவது வந்தால் நிர்வாகி சார் அழைத்துக்கொண்டு வந்து காட்டுவார். திலக் நகர்க்காரர், நம் தமிழர்தான். எப்போதும் வெள்ளைச் சட்டை. “ஏதாவது ஒரு கார்டு நம்பர் சொல்லுங்கோ” என்பார். சொன்னதும் பெயர் வந்துவிடும். விருந்தாளிகள் கை தட்டுவார்கள்.

நம்பரைச் சொன்னால்தான் அந்த வேகம். ‘இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை யார் யார் வந்தார்கள்’ என்று கேட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மேடம் சாப்பிட்டுவிட்டு வருவார், இன்னும் மினுக்கும். அதைப் பார்த்துத் திட்டுவார், மனுஷரைத் திட்டுகிற மாதிரியே.

ஒரு நாள் தரை துடைத்துக்கொண்டே, “ஏன் மேடம் இம்புட்டு நேரம்?” என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நீ விரிப்பெல்லாம் எப்படி அடுக்கறே?”

“கட்டில் நம்பர் படி.”

“திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் வெளுத்து வந்த விரிப்பை மட்டும் எடுன்னா?”

“எல்லாத்தையும் எடுத்து ஓரத்துல போட்டிருக்க குறியைப் பாக்கணும்லா.”

“அதைத்தான் இதுவும் பண்றது. ஒண்ணு விடாம முதல்லேர்ந்து பிரிச்சுப் பார்க்கறது. வந்த தேதிப்படி தனியா ஒரு வரிசை வெச்சுட்டா என்ன? திங்கள் தொடங்கற இடத்துக்கு நேரா போகலாம். புதன் முடியற இடத்தில் நின்னுடலாம். மத்ததைத் தொடவே வேண்டாம்.”

“அப்ப வைக்க வேண்டியதுதானே மேடம்?”

“தேதியை நாம எழுதற மாதிரி நாளை முன்னால போட்டு உள்ளே ஏத்தியிருக்கா. இது அதைத் தேதின்னு பார்க்காது, வெறும் எழுத்தா பார்க்கும். வரிசைப்படுத்துன்னா எல்லா மாசத்து ஒண்ணாந்தேதியும் ஒண்ணா உட்கார்ந்துக்கும். வருஷம் முதல்ல, மாசம் அடுத்து, நாள் கடைசி. அப்படி மாத்தினாத்தான் வரிசை நிக்கும்.” பிறகு வாயைக் கோணிக்கொண்டார். “சார்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன். டிரஸ்ட் ஃபாரத்தில் நாள்தான் முதல்ல இருக்காம். வருஷத்தை முன்னால போட்டா யாருக்குப் புரியும்னு கேக்கறார். படிக்கப்போறது அவரா, மிஷினா?”

நான் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு மழைக்காலம். ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போன இரண்டு பேர் கண் சிவந்து, சீழ் வைத்துத் திரும்பி வந்தார்கள். அடுத்த நாள் இன்னும் சிலர். பெரிய டாக்டர் சொட்டு மருந்து பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை பெட்டியில் வந்த மருந்தே கெட்டது என்றார். வார்டில் இருந்ததையெல்லாம் அன்றே எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போனவர்கள் கையில் பாட்டில் இருந்தது. மூன்று வேளையும் விடச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் விட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், யாராவது போய் நிறுத்து என்று சொல்லும்வரை.

மருந்து ஸ்டோர்க்காரர், அந்தப் பாட்டில்களை ஆகஸ்ட் இருபதிலிருந்து செப்டம்பர் பத்து வரை கொடுத்ததாகத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களில் வந்தவர்கள் யார், எந்த விலாசம், அதுதான் வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் கையால் எழுதுகிற ரெஜிஸ்டரை சார் நிறுத்திவிட்டிருந்தார். நோயாளிகளின் கார்டு அவரவர் வீட்டில்.

அன்று பார்த்து ஹார்பர் லைன் ரயில்பாதை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. மேடம் வரவில்லை. சாரே உட்கார்ந்தார். தேதிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். சிவப்பு விளக்கு காலையிலிருந்து மதியம் வரை மினுக்கியது. பிறகு திரையில் ஏதோ வந்தது. சார் எழுந்து டாக்டரிடம் போனார்.

“அந்தத் தேதிகளில் ஒருத்தரும் இல்லையாம் டாக்டர். மிஷின் பூரா பார்த்துட்டுச் சொல்றது. கண் சிவந்ததுக்கு வேற ஏதோ காரணம்.”

நான் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். அந்த நாட்களில் எத்தனை பேரைப் பின்னால் சாயவைத்து இமையை விலக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முகமும் கண்முன் வந்தது. வாய் திறந்தேன்.

“சார், நாந்தான் ஊத்துனேன். நெறைய பேருக்கு ஊத்துனேன்.”

“பேர் சொல்லு பார்க்கலாம்.”

பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது.

“மௌசி, மிஷினுக்கு உன்னை மாதிரி மறதி கிடையாது. போய் வேலையைப் பார்.”

 நான் மறந்தேன் என்றா சொன்னேன்? டாக்டர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மிஷினை நம்பினார். ஒரு நாள் போயிற்று. மூன்று வேளை மருந்து.

மறுநாள் காலையில் கேட்டிலேயே காத்திருந்தேன். மேடம் முழங்கால் வரை நனைந்த புடவையோடு வந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு அவ்வளவு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

“ஒருத்தரும் இல்லேன்னா? என்ன தேதி அடிச்சார்?”

“இருபது எட்டுலருந்து பத்து ஒம்பது வரைக்கும்.”

 அவர் ஈரக்குடையின் நுனியால் வாசல் சிமென்ட் தரையில் எழுதினார். மேலே 20-8. கீழே 10-9.

“இது இடது பக்கத்திலேர்ந்து படிக்கும். மாசம் அதுக்குத் தெரியாது. இருபது பெரிசா, பத்து பெரிசா?”

“இருபது.”

“இருபதுக்கு மேலேயும் இருக்கணும், பத்துக்குக் கீழேயும் இருக்கணும்னு கேட்டா எத்தனை பேர் இருப்பா?”

“ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.”

“அதைத்தான் அது சொல்லியிருக்கு. அரை நாள் எல்லா ஜனத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டு.”

கத்துவார் என்று நான் காதைத் தயார் செய்துகொண்டேன். கத்தவில்லை. செருப்பைக் கழற்றாமல் ஏசி அறைக்குள் போனார்.

சார் பின்னாலேயே வந்தார். விஷயம் புரிந்ததும் முகம் வெளிறியது. ஆனாலும் விடவில்லை. “சரி, ஒவ்வொரு தேதியையும் வருஷம் முன்னால வர மாதிரி திருப்பிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கோ. ரெக்கார்டைத் தொடக் கூடாது.”

“திருப்பிப் பார்த்துட்டு அது மறந்துடும். அடுத்த தடவை கேட்டா மறுபடி முதல்லேர்ந்து எல்லாத்தையும் திருப்பும். ஒரு தடவை திருப்பிப் பக்கத்திலேயே எழுதி வரிசையா நிறுத்திட்டேன்னா, அப்புறம் எந்தத் தேதி கேட்டாலும் உடனே வரும்.”

“அடுத்த தடவை எதுக்கு? தேதிதான் எழுதிக் கொடுத்திருக்காரே.”

“ஸ்டோர்க்காரர் தேதியை மாத்துவார்.”

“மாத்த மாட்டார். டிரஸ்டியைக் கேட்காம நான் இதுக்குச் சம்மதிக்க முடியாது. அவர் புனேயில் இருக்கார்.”

“கேளுங்கோ. போன் உங்க ரூம்லதான் இருக்கு.” அவர் வெளியே கால் வைத்ததும் மேடம் என்னைப் பார்த்தார். “மௌசி, கதவைச் சாத்து. வாளியை வை.”

தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியைக் கதவோடு ஒட்டி வைத்து, பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

“மௌசி, கதவைத் திற.”

 மேடம் திரும்பியே பார்க்கவில்லை, விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“தரை ஈரமா இருக்கு சார்” என்றேன்.

மத்தியானம் தாண்டி விளக்கு மினுக்குவது நின்றது. இருபதிலிருந்து பத்து வரை வந்தவர்கள் பெயரும் விலாசமும் கரகரவென்று தாளில் வந்தன. வாளியை நகர்த்திக் கதவைத் திறந்தேன். சாரும் ஸ்டோர்க்காரரும் வெளியே நின்றிருந்தார்கள். ஸ்டோர்க்காரருக்கு வியர்த்திருந்தது. இருபதாம் தேதி இல்லையாம், பதினாறாம் தேதியே அந்தப் பெட்டியைப் பிரித்துவிட்டாராம்.

“ஐயோ, மறுபடியும் அரை நாளா?” என்றார் சார்.

மேடம் ஏதோ அடித்தார். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரையில் பெயர்கள் நின்றன. கம்ப்யூட்டர் பதினாறுக்கு நேராகப் போய்த் தொட்டு, பத்தோடு நின்றுவிட்டது. யாரும் கை தட்டவில்லை.

“நேத்தே இப்படி வந்திருக்கும்” என்றார் மேடம்.

கம்பவுண்டர் திலக் நகருக்கு ஓடினார். வேறொருவர் உல்லாஸ்நகருக்கு ரயிலேறினார். தாராவி விலாசங்களை என்னிடம் கொடுத்தார்கள், நான் அங்கே இருப்பவள் என்று. ஒவ்வொரு வீடாகப் போய் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வெட்கப்பட நேரம் இல்லை. பலருக்குக் கண் வெறும் சிவப்புதான். பிழைத்தார்கள்.

தோல்பை தைக்கிற ஒரு பாய் இருந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வார்டில் இருந்தபோது என் பேச்சைக் கேட்டுச் சிரித்து ஊர் விசாரித்தவர். அவர் வீட்டுக்குப் போனபோது விளக்கு வைக்கிற நேரம். ஒட்டுப்பசை வாசனைக்கு நடுவில், பச்சைத்துணி கட்டிய கண்ணோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

“வாங்க தங்கச்சி. கண்ணு ராத்திரிலருந்து ரொம்ப வலிக்கி. ஆனாலும் நீங்க சொன்ன மாதிரியே மூணு வேளையும் உடுதேன். ஒரு வேளை தப்பல.”

அவர் மனைவி அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். தூசி படாமல் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

டாக்ஸியில் கூட்டிப் போனேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, நேற்று வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்தக் கண் போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். டிரஸ்டி வந்திருந்தார். சார் எழுந்து பேசினார். மருந்துக் கம்பெனி செய்த தவறால் வந்த ஆபத்தை நம் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தது என்றார். இப்போது எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் சுண்டல் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். “வா மௌசி. அந்தத் தோல்பைக்காரர் வீடு எங்கே?”

 பாய் எங்களைப் பார்த்ததும் மனைவியை டீ போடச் சொன்னார். ஒரு கண்ணால் தூரம் பிடிபடவில்லை, ஊசி விலகிப் போகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேடம் டீயைத் தொடாமல், தேதி எப்படி மாறிப் போனது, ஏன் ஒரு நாள் தாமதம், எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை.

பாய் நிதானமாகக் கேட்டார். “இது இப்படி ஆவும்னு முன்னாலயே ஒங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தேதியை மாத்தணும்னு தெரியும். மழைக்கு முன்னாடியே சார்கிட்ட சொன்னேன்.”

“சத்தம் போட்டுச் சொன்னீங்களா?”

சாவிக்கொத்துக்குக் கத்தியவர். ஆல்பத்துக்கு அவசரப்பட்டவர். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டிக்கெட்டுக்காகப் பர்ஸைத் துழாவுகிற முன்பின் தெரியாதவளிடம்கூட சண்டைக்குப் போனவர். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான்.

“இல்லே” என்றார். “பெரியவராச்சேன்னு மரியாதையா இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தேன். அப்புறம் கேக்கலே.”

பாய் ஆறிப்போன டீயை மாற்றச் சொல்லி மனைவிக்குக் கை காட்டினார்.

மறுநாள் காலை புறநோயாளிகள் பெஞ்சு நிறைந்திருந்தது. மேடம் நேராக சார் அறைக்குள் போனார். அங்கேயும் ஸ்பிரிங் கதவு, தானாகச் சாத்திக்கொண்டது.  பிறகு அவர் குரல் ஆரம்பித்தது.

“ஒரு நிமிஷம்னு நேத்து சொன்னேளே, அதுக்கு முன்னாடி ஒரு நாள் போச்சே, அதைச் சொன்னேளா? ஒரு மனுஷன் மூணு வேளையும் தப்பாம விட்டுண்டிருந்தானே, அதைச் சொன்னேளா?”

“மெதுவாப் பேசுங்கோ, வெளியே பேஷண்ட்ஸ் இருக்கா.”

“இருக்கட்டும்.”

நான் அந்த வராந்தாவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் என்றாலே விலகிப் போகிறவள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். போய் அந்த ஸ்பிரிங் கதவை முழுசாகத் திறந்தேன். அது மறுபடி சாத்த வந்தது. வாளியைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும், ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்களும்கூட, இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சார் உள்ளேயிருந்து, “மௌசி, அந்த வாளியை எடு” என்றார்.

நான் எடுக்கவில்லை.